இடப்பக்கத்துப் பெட்டி

ஃப்ராங்கா வளாகத்தில் வரி கிடையாது, விலை குறைவு என்று
மூன்று சனிக்கிழமை அலைந்தோம்,
நிபால்டோவும் நானும்.
கையில் தொண்ணூறாயிரம் பெசோ.
புந்தா அரேனாஸில் அதற்கு
ஒரு முழு ஆட்டுக்குட்டி வாங்கித் தீயில் வாட்டிப்
பதினைந்து பேரைக் கூப்பிடலாம்.
அல்லது சுவரில் மாட்ட
இரண்டு பெட்டி.

முன்னால் வைக்கிற மூன்றும் ஏற்கெனவே உண்டு,
புதுசு வாங்கியதும் என் அண்ணன் ட்ராகோ தள்ளிவிட்டவை.
பின்னால்தான் ஒன்றுமில்லை.
படத்தில் கதவு திறந்தால்
எல்லாக் கதவும் டிவிக்குள்ளேயே திறந்தது.

நாலாவது கடையில் எலேயாசர் பார்ரியா
மலிவானதைத்தான் முதலில் காட்டினார்.
"பேச்சு முழுக்க நடுப்பெட்டியில் வரும்.
பின்பெட்டிக்கு என்ன வேலை?
மழை. காலடி. தூரத்தில் ஒரு நாய்.
அதற்குப் போய்ச் சொத்தை எழுதி வைக்காதீர்கள்,
நான்கு அங்குலம் போதும்."
நிபால்டோ விரல் கணுவால் தட்டிப் பார்த்தான்
தர்ப்பூசணி வாங்குகிறவன் மாதிரி.
தூக்கிப் பார்த்தான். கனமாக இருக்கிறது, நல்லது என்றான்.
எதற்கு நல்லது என்று நான் கேட்கவில்லை.
எழுபத்தெட்டாயிரத்துக்குப் படிந்தது.
மிச்சத்தில் ஒயர், நான்கு திருகாணி,
ஆளுக்கொரு எம்பனாடா.

உட்கார்ந்தால் காதுக்கு இரண்டடி மேலே,
கொஞ்சம் பின்தள்ளி.
அவன் துளை போட்டான், நான் தூசிக்குப் பழைய செய்தித்தாள் பிடித்தேன்.
வெளியே காற்று துத்தநாகக் கூரையை
ஆணி ஆணியாக எண்ணிக்கொண்டிருந்தது.
இந்த ஊரில் நாலு பக்கமும் சத்தம் வர
யாரும் காசு கொடுத்ததில்லை.
நாங்கள்தான் கொடுத்தோம்.

முதல் படம், ஏதோ நீர்மூழ்கிக் கப்பல்.
அரைமணி நேரத்தில் நிறுத்தினான்.
"இடப்பக்கத்துப் பெட்டி செத்தது."
திருகாணி கழற்றி, துண்டில் சுற்றி,
எட்டாம் நம்பர் பேருந்தில் கடைக்குக் கொண்டு போனான்.
எலேயாசர் மாட்டிக் காட்டினார். பாடியது.
ஒயரைச் சந்தேகப்பட்டோம். புது ஒயர்.
வலப்பெட்டியை இடத்தில் மாட்டினோம்.
அதுவும் செத்தது என்றான்.

என் உள்ளங்கை அப்போது அதன் மேல் இருந்தது.
துடித்துக்கொண்டிருந்தது,
கையில் பிடித்த குருவி போல.

பொர்வெனீர் படகின் என்ஜின் அறையில்
இருபத்திரண்டு வருடம்
இடத்தோளை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு
அழுத்தமானியைப் பார்த்து நின்றவன்.
"எவ்வளவு நாளாக?"
"எது எவ்வளவு நாளாக?" என்றான்.
கேட்டதா கேட்கவில்லையா
எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
கல்யாணமான நாள் முதல் கட்டிலில்
அவனுக்கு இடப்பக்கம்தான் நான்.
விளக்கை அணைத்த பிறகுதான் எனக்குப் பேச்சு வரும்.
ட்ராகோவுக்குத் தெரியாமல் கொடுத்த கடன்.
மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்த வாரம்.
ஒரு மார்ச் மாதம்,
பெட்டியைக் கட்டி மறுபடி அவிழ்த்தது.
எல்லாவற்றுக்கும் "ம்" என்றிருக்கிறான்.
எத்தனை பெரிய மனசு என்று
நான் அந்த "ம்"மை வைத்துக்கொண்டே
இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன்.

காது மருத்துவருக்குச் செப்டம்பரில்தான் நேரம் கிடைத்தது.
அதுவரை ரிமோட்டில் இடப்பெட்டிக்கு ஆறு கூட்டியிருக்கிறோம்.
அவனுக்கு மழை இப்போது வட்டமாகப் பெய்கிறதாம்.
அந்தப் பக்கம் உட்காரும் எனக்கு
மண்டைக்குள் பெய்கிறது.

"வலப்பக்கம் வந்துவிடேன்,
நீ பேசுவதும் கேட்கும்" என்கிறான்.

சோபாவில் மாறிவிட்டேன்.
கட்டிலில் இன்னும் இல்லை.